வாசலில் வைத்த பெயர்ப் புத்தகம்

கல்முனையில் ஸுல்பிகாவைக் 'கொம்பியூட்டர் டீச்சர்' என்று சொன்னால்தான் ஆட்களுக்கு விளங்கும். அரசாங்கப் பள்ளிக்கூடம் எதிலும் அவள் படிப்பிக்கவில்லை. சாய்ந்தமருதில் ஒரு சின்ன அறையில் நாலு பழைய கணினிகளை வைத்து, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்த் தட்டச்சு சொல்லிக்கொடுத்தாள். கணவன் மீராமுகைதீன் கடற்கரைப் பக்கம் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தான். 2004 டிசம்பர் இருபத்தாறாம் திகதி காலை அவன் கடை திறக்கப் போனான். அவள் நற்பிட்டிமுனையில் உம்மா வீட்டில் இருந்தாள். வயல் பக்கத்து ஊர் என்பதால் அங்கே கடல் வரவில்லை. கடையும் அவனும் இருந்த இடத்தில் மணல் மட்டும் மிஞ்சியது.

மய்யித்து, அவன் உடல், கிடைக்கவில்லை. விதவையானவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருக்க வேண்டும் என்று குடும்பத்துப் பெண்கள் சொன்னார்கள். கண்ணால் காணாத மௌத்துக்கு எப்படி இத்தா இருப்பது என்று கேட்டு அவள் மறுத்தாள். மாமனார் பக்கீர் முகைதீன் மட்டும் அவளை வற்புறுத்தவில்லை. அவரும் ஒவ்வொரு பள்ளிக்கூட முகாமாக மகனைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்படித் தேடிப்போன ஒரு முகாமில்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தது. அதில் தமிழில் எழுதத் தெரிந்த ஒருவரும் அங்கே இல்லை. ஸுல்பிகா உட்கார்ந்தாள். பக்கத்தில், காரைதீவிலிருந்து தாயைத் தேடி வந்த பவிதரன் என்ற பொடியன் உட்கார்ந்தான். அவனுக்கு இருபத்துநாலு வயது, கைத்தொலைபேசி திருத்துகிறவன். ஒன்பது முகாம்களில் கடதாசித் துண்டுகளில் கிடந்த பெயர்களை இருவரும் இரண்டு பகல் முழுக்க ஒரே அட்டவணையில் ஏற்றினார்கள். ஒரு பெயரைத் தட்டினால் அந்த ஆள் எந்த முகாமில் இருக்கிறார் என்று காட்டும்படி பவிதரன் ஏதோ செய்தான். அக்கரைப்பற்று முகாமில் இருந்த மகளை ஒரு தகப்பன் அதில் கண்டுபிடித்தார். காணாமற்போனோர் பத்தியில் அவள் மீராமுகைதீனின் பெயரைத் தட்டினாள். அதற்குக் கீழே பவிதரன் செல்லத்தங்கம் என்று தன் தாயின் பெயரைத் தட்டினான். அவன் எழும்பிப் போய் இரண்டு கோப்பை பிளேன்ரீ வாங்கிவந்தான்.

ஏப்ரல் மாதம் அவள் தானாகவே இத்தாவில் உட்கார்ந்தாள். அது முடிந்து வெளியே வந்த அடுத்த வருடம், அதே நிறுவனத்தின் உதவியோடு கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் பன்னிரண்டு கணினிகளோடு நிலையம் திறந்தாள். பவிதரன் வாரத்தில் இரண்டு நாள் வந்து பழுது பார்ப்பான். அந்த நேரத்தில் சுஜித்தாவைக் கலியாணமும் கட்டியிருந்தான்.

2007 செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை பின்னேரம், கடல் வருகிறது என்று கரையோரம் முழுக்க ஓட்டம் பிடித்தது. சுமாத்திராவில் நிலம் நடுங்கியது உண்மை. இங்கே கடல் வரவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் கையை முறித்தவர்கள் உண்டு. படுக்கையில் கிடந்த வயதாளிகளை விட்டுவிட்டு ஓடியவர்களும் உண்டு. அடுத்த நாள் நிலையத்தில் எல்லாரும் அதைப் பற்றியே கதைத்தார்கள். எந்தச் செய்தி உண்மை, எது வதந்தி என்று ஒரு தொலைபேசிக் குறுஞ்செய்தியால் அறிய வழி இல்லையா என்று பவிதரன் கேட்டான். கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு தொண்டர், இப்படி ஆட்கள் கூடியிருந்து ஒரு பிரச்சினைக்கு ஒரு மூச்சில் வழி செய்வதற்குப் பெயரே இருக்கிறது, ஹெக்கத்தோன் என்பார்கள், விடிய விடிய நடக்கும் என்றார். இது யுத்த காலம், இங்கே நாலு மணிக்கு முன்பு எல்லாரும் சோதனைச் சாவடி தாண்ட வேண்டும், பகலில்தான் நடத்தலாம் என்றாள் ஸுல்பிகா.

வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னபோது பக்கீர் முகைதீன் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"ஹக்கா? யாருட ஹக்கைப் பத்திக் கதைக்கப்போறீங்க மகள்?"

ஹக் என்றால் அவருக்கு உரிமை. ஸுல்பிகா கனகாலத்துக்குப் பிறகு சிரித்தாள். "எல்லார்ர ஹக்கும்தான் மாமா" என்றாள்.

அந்தச் சொல்லைச் சொல்வது லேசு, ஆட்களைக் கூட்டுவதுதான் பாடு. தமிழ் ஊர்களான காரைதீவிலும் பாண்டிருப்பிலும் இளம்பிள்ளைகளைப் பெற்றவர்கள் பயந்து கிடந்தார்கள். வேலைக்குப் போனவன் திரும்பாத கதை ஒவ்வொரு தெருவிலும் இருந்தது. கல்முனைச் சந்தைக்குள் தமிழ்ப் பிள்ளையை அனுப்ப அவர்களுக்கு மனமில்லை. முஸ்லிம் ஊர்களான சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வேறு கேள்வி. குமர்ப்பிள்ளைகளைப் பொடியன்களோடு ஒரே அறையில் இருத்தப் போகிறீர்களா என்று கேட்டார்கள். ஸுல்பிகா வீடு வீடாகப் போனாள். காரைதீவில் அழகரெத்தினம் என்ற விவசாயி, கணிதத்தில் கெட்டியான தன் மகள் யதுசாவை அனுப்பத் தயங்கினார். போவது பற்றி அவருக்குப் பயமில்லை, திரும்பி வருவதுதான் பயம் என்றார். பின்னேரம் நானே வேனில் கூட்டிவந்து வீட்டுப் படலையில் விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். கூட்டம் நடந்த இரண்டு நாளும் சொன்னபடியே செய்தாள்.

அந்த டிசம்பர் விடுமுறையில் நடந்த முதல் கூட்டத்துக்கு நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் யன்னல் பக்கம், முஸ்லிம் பிள்ளைகள் சுவர்ப் பக்கம், நடுவில் ஒரு வரிசைக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. அவள் யாரையும் இடம் மாறச் சொல்லவில்லை. நாலு சுவரிலும் நாலு பெரிய தாள் ஒட்டியிருந்தாள். வதந்தி, குடிதண்ணீர், வாய்க்கால், வள்ளம். உங்களுக்கு எது முக்கியமோ அந்தச் சுவரில் போய் நில்லுங்கள் என்றாள். எழும்பி நடந்தபிறகு யாரும் பழைய இடத்துக்குப் போய் இருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் மரக்கறி தனிச் சட்டியில், தனி அகப்பையோடு இருந்தது. மத்தியான லுஹர் தொழுகைக்கு வேலை நின்றது. இந்தச் சின்ன விசயங்களைப் பற்றி அவள் ஒரு மாதம் யோசித்திருந்தாள்.

வாசலில் பெயர்ப் புத்தகமாக ஒரு தடித்த சீஆர் கொப்பி வைத்திருந்தாள். வருகிறவர்கள் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், என்ன செய்ய விருப்பம் என்று அதில் எழுதுவார்கள். அவள் அதைப் பார்த்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடுவாள். முகாமில் இருந்த நாட்களில் தாளில் ஒரு பெயர் இருந்தால் அந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். பெயரை எழுதுவது ஒரு ஆளை வரவேற்பது என்றே அவள் நம்பியிருந்தாள்.

2008 ஜூனில் இரண்டாவது கூட்டம் நடந்தது. கொப்பியில் மொத்தம் எண்பத்துநாலு பெயர் சேர்ந்தது. வாய்க்கால் சுவரில் மூன்று பேர் ஒன்றாக நின்றார்கள். பவிதரன், யதுசா, மருதமுனையைச் சேர்ந்த றுமைஸ். றுமைஸ் தறிக்காரக் குடும்பம், பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்தவன். சிறுபோகத்தில், மழையற்ற பயிர்க்காலத்தில், கடைமடை வயலுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாது. விவசாயி இருட்டிலும் போய்ப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் இருட்டில் வயலுக்குப் போகிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் வீட்டுத் தொலைபேசிக்கு மணியடிக்கும் பெட்டி ஒன்றை மூவரும் செய்தார்கள். சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு பழைய கைத்தொலைபேசி, ஒரு பற்றரி, வெளியே இரண்டு வயர், அறுந்த செருப்பில் வெட்டிய மிதவை. தண்ணீர் வாளிக்குள் வைத்துப் பார்த்தபோது யதுசாவின் தொலைபேசி மணியடித்தது. அறை முழுக்கக் கை தட்டியது.

அழகரெத்தினத்தின் வயலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பவிதரன் அதைக் கொண்டுபோகக் கேட்டான். ஸுல்பிகாவுக்கு ஒரு கணம் மனம் தடுத்தது. அந்தப் பெட்டி பார்வைக்கு வெடிகுண்டு போல இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நிலையத்தின் கடிதத் தாளில், இது வயல் தண்ணீரை அறிவிக்கும் கருவி என்று எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை குத்திக் கொடுத்தாள்.

"கடிதத்தை மேல வச்சிக்கங்க தம்பி. பெட்டியைத் திறக்க முந்தி அதைக் காட்டுங்க" என்றாள்.

வழியிலிருந்த சோதனைச் சாவடியில் அந்தக் கடிதத்தை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. பவிதரனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு பேர் நிலையத்துக்கு வந்தார்கள். சாதாரண உடுப்பு. எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லவில்லை. ஒருவர் மட்டும் கதைத்தார், நிதானமான நல்ல தமிழில். வாசலில் பெயர் எழுதும் புத்தகம் ஒன்று இருக்கிறதாமே, அதைப் பார்க்க வேண்டும் என்றார். அது வீட்டில் இருக்கிறது என்று ஸுல்பிகா சொன்னாள். நாளை மறுநாள் வருவோம், எடுத்து வையுங்கள், அது கிடைத்தால் உங்கள் ஆளின் விசயமும் கெதியாக முடியும் என்று சொல்லிவிட்டு, படியில் மெதுவாக இறங்கிப் போனார்கள்.

அடுத்த நாள் பவிதரனின் மனைவி சுஜித்தா ஏழு மாதக் குழந்தையோடு வந்தாள். புத்தகத்தைக் கேட்டு வந்தவர்கள் அவளிடமும் போயிருந்தார்கள். அவள் கதிரையில் உட்காரவில்லை.

"பேர்தானே டீச்சர். குடுங்க. அதில இரிக்கிற ஆக்கள் ஒண்டும் செய்யல்லத்தானே, அவங்களுக்கு என்ன பயம்?"

"பவிதரன் என்ன செஞ்சவர் சுஜித்தா?"

சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு கொடுமையானது என்று ஸுல்பிகாவுக்கு உறைத்தது. சுஜித்தா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள்.

"அப்ப நீங்க குடுக்கமாட்டீங்க" என்றாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் ஸுல்பிகா மாமனார் வீட்டுக் குசினியில் சோறு வைக்கும் அடுப்பில் கொப்பியைத் தாள் தாளாகக் கிழித்துப் போட்டாள். யதுசா, காரைதீவு. றுமைஸ், மருதமுனை. அவளையறியாமல் ஒவ்வொரு பெயரும் கண்ணில் பட்டது. பக்கீர் முகைதீன் வாசல் நிலையில் நின்று பார்த்தார். தடித்த அட்டை எரியாமல் புகைந்தபோது ஒரு குச்சியை எடுத்து வந்து அதைக் கிளறிவிட்டார். "சாம்பலாகட்டும் மகள்" என்றார். கணினியில் இருந்த பிரதியை அவள் காலையிலேயே அழித்திருந்தாள்.

மறுநாள் திரும்பி வந்தவர்களிடம், புத்தகம் வீட்டில் இருக்கிறது என்று நினைத்துத் தேடினேன், இல்லை, கூட்டம் முடிந்த அன்று குப்பையோடு போயிருக்க வேண்டும் என்று சொன்னாள். நல்ல தமிழ் பேசியவர் கேட்டார்.

"குர்ஆன்ல கை வச்சு இதைச் சொல்லுவீங்களா டீச்சர்?"

"ஓம். சொல்லுவன்."

அவர் குர்ஆன் கொண்டுவரச் சொல்லவில்லை. இரண்டு கணினிகளை எடுத்துக்கொண்டு போனார்கள், அவை திரும்பி வரவில்லை. சொன்ன அந்த ஒரு 'ஓம்' அவளைப் பல மாதம் அரித்தது. தொழுகைப் பாயில் இருக்கும்போதுதான் அது நினைவுக்கு வரும். பொய் சொன்னதற்காக அழுவதா, பொய் பலிக்காமல் போனதற்காக அழுவதா என்று தெரியாது. ஏனென்றால் பெயர்கள் எப்படியோ வெளியே போயிருந்தன. மருதமுனையில் றுமைஸைப் பிடித்து மூன்று நாள் வைத்து அடித்து அனுப்பினார்கள். அவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்காமல் போனது. யதுசாவின் வீட்டை இரண்டு தடவை சோதித்தார்கள். இப்படிப் பதினொரு வீடு. புத்தகத்தை டீச்சர்தான் கொடுத்துவிட்டார் என்று பலர் நம்பினார்கள். எரித்துவிட்டேன் என்று வெளியே சொல்லவும் அவளால் முடியாது. வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள்.

பவிதரன் தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இருப்பதாக நாலு மாதம் கழித்துத் தெரிந்தது. ஸுல்பிகா சட்டத்தரணி ஒருவரைப் பிடித்தாள், கடிதங்கள் எழுதினாள், அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறினாள். சுஜித்தாவுக்கு அனுப்பிய பால்மாவும் உடுப்பும் அப்படியே திரும்பி வந்தன. 2009 மே மாதம் யுத்தம் முடிந்ததென்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். அன்று நிலையத்தில் மூன்று பிள்ளைகள்தான் இருந்தார்கள். ஒருத்தி யன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டாள். ஸுல்பிகா தலையை ஆட்டினாள். இனிப் பயமில்லை என்று கீழே கடைக்காரர் சொல்வது கேட்டது. அவளுக்கும் அப்படி நம்ப ஆசைதான். காரைதீவில் குழந்தையோடு தனியே இருக்கும் சுஜித்தாவுக்கு இந்த வெடிச்சத்தம் எப்படிக் கேட்கும் என்றுதான் யோசனை போனது.

ஆகஸ்டில், பதினாலு மாதம் கழித்து, பவிதரனை விட்டார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு அவனே நிலையத்துக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். ஸுல்பிகா எழுந்து கதிரையை இழுத்துப் போட்டாள். அவன் நின்றபடியே கதைத்தான்.

"நான் பதினொரு பேர்ர பேரைச் சொல்லிப்போட்டன் டீச்சர். புத்தகம் இரிக்கெண்டதும் நான்தான் சொன்னது. தாங்க ஏலாமப் போயிட்டு."

அவளுக்குக் கோபம் வரும் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை மாதம் ஊர் அவளைப் பார்த்த பார்வையெல்லாம் யாருக்கு உரியது என்று இப்போது தெரிந்தது, ஆனால் அதை இறக்கி இவன் தலையில் வைக்க மனம் வரவில்லை. அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தவள் அவள்தானே. அந்தப் பதினொரு பேரிடமும் நீங்கள் சொல்லிவிடுங்கள் என்று அவன் கேட்டான். அவள் மறுத்தாள்.

"நான் சொல்லமாட்டன் தம்பி. டிசம்பர்ல திரும்பக் கூடுவம். சொல்றதெண்டா நீங்க வந்து சொல்லுங்க. வராட்டியும் உங்களுக்கு இஞ்ச கதவு தொறந்துதான் இரிக்கும்."

மூன்றாவது கூட்டத்துக்கு வாசலில் புத்தகம் இல்லை. வந்தவர்களின் பெயரும் கையொப்பமும் அறிக்கைக்கு வேண்டும் என்று உதவி நிறுவனம் கேட்டது. தரமாட்டேன் என்று எழுதினாள். அதோடு அவர்களின் உதவியும் நின்றது. முப்பத்தொரு பேர் வந்தார்கள். அவள் வாசலில் நின்று தெரிந்த முகங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தெரியாதவர்களிடம் பெயர் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் லுஹருக்குப் பிறகு பவிதரன் வந்தான். நடுவில் நின்று, தன் காலடியைப் பார்த்தபடி, உங்களில் சிலருடைய பெயரைக் கொடுத்தது நான்தான், டீச்சர் இல்லை என்றான். பதினொரு பேரில் ஐந்து பேர் அந்த அறையில் இருந்தார்கள். மூன்று பேர் எழுந்து போனார்கள். றுமைஸ் கடைசியாகப் போனான். தான் கொண்டுவந்த கருவிகளை ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கி, அவசரப்படாமல், யாரையும் பார்க்காமல் போனான். யதுசா இருந்த இடத்திலேயே இருந்தாள். அவள் முகம் கறுத்திருந்தது. பிறகு, அந்த மிதவைக்கு ஏன் செருப்பைப் போட்டீங்க, அது ஊறி இறங்குமே என்று கேட்டாள். வேண்டுமென்றே குற்றம் பிடிப்பதுபோல் இருந்தது குரல். பவிதரன் பதில் சொல்லத் தொடங்கினான். குரல் உடைந்தது. அவள் காத்திருந்தாள். பிறகு அவன் சொல்லி முடித்தான்.

அதற்குப் பிறகு றுமைஸ் நிலையத்துக்கு வரவே மாட்டான் என்று ஸுல்பிகா நினைத்தாள். ஒரு மாதம் கழித்து வந்து, பவிதரன் எந்த நாட்களில் வருகிறான் என்று கேட்டான். சனியும் புதனும் என்றாள். அப்படியென்றால் நான் ஞாயிறு வருகிறேன் என்றான். இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்த அவள் முயலவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் நிலையத்தைத் திறந்தாள், அவ்வளவுதான். அவனுடைய நல்ல காதுப் பக்கம் நின்று கதைக்கப் பழகிக்கொண்டாள்.

சுஜித்தா மட்டும் பாக்கி. 2010 சிறுபோகத்தில், யதுசாவின் வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், ஸுல்பிகா துணிந்து அவர்களின் படலையைத் தட்டினாள். பவிதரன் வீட்டில் இல்லை. குழந்தை முற்றத்தில் ஓடித்திரிந்தது. சுஜித்தா அவளை உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கொடியில் உடுப்புக் காயப்போட்டபடியே கேட்டாள்.

"அந்தப் புத்தகத்தைக் குடுத்திருந்தா இவர் கெதியா வந்திருப்பாரா டீச்சர்?"

இந்தக் கேள்விக்கு ஸுல்பிகா எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தாள். எண்பத்துநாலு பேரைப் பற்றியும், அவர்களைப் பெற்றவர்களைப் பற்றியும்.

"தெரியாது சுஜித்தா."

"எனக்கும் தெரியாது. அதுதான் தாங்க ஏலாம இரிக்கி."

அவள் கடைசிச் சட்டையையும் உதறிப் போட்டாள். வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு, வெயில் சுடுது, வேப்பமர நிழலில் இரிங்க, இவர் இப்ப வந்திருவார் என்று மற்றப் பக்கம் பார்த்துச் சொன்னாள். உள்ளே போய்விட்டாள். ஸுல்பிகா நிழலில் போய் நின்றாள்.